யார் பொறுக்கும் குளிர்?

பாட்னாவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் டிசம்பர் பிற்பகுதி முதல் ஜனவரி முடியும்வரை விடியற்காலையில் பால்காரரின் சைக்கிள் மணி கேட்கும். சைக்கிள் கண்ணுக்குத் தெரியாது. எதிர்வீட்டுச் சுவரும் தெரியாது. மூடுபனி அத்தனை அடர்த்தியாக இறங்கியிருக்கும். இமயத்தில் பனி பொழிந்து ஓய்ந்தபின் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றை அங்குள்ளோர் ‘பச்சுவா’ என்பர். அக்காற்று வீசும் நாள்களில் எலும்பினுள் புகுந்து நடுக்கும் குளிருக்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘கன்கனி’. சொல்லைச் சொன்னாலே பற்கள் ஒன்றோடொன்று மோதும் ஓசை கேட்பது போலிருக்கிறது.

வெப்பமானியை மட்டும் பார்ப்பவருக்கு இக்குளிர் பெரிதாகத் தோன்றாது. ஆறு டிகிரி, ஏழு டிகிரி, சில நாள்களில் அதற்கும் சற்றுக் கீழே. காஷ்மீரத்தில் வாழ்பவர் இதைக் கேட்டால் புன்னகை புரிவார். அங்கே டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள்கள் ‘சில்லைக் கலான்’ எனும் கடுங்குளிர்க் காலம். 2021 ஜனவரி இறுதியில் ஸ்ரீநகரில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 8.8 டிகிரி வரை இறங்கியது. ஆனால் காஷ்மீர இல்லறம் குளிரை எதிர்பார்த்தே தன்னை அமைத்துக்கொண்டது. கோடையிலேயே காய்கறிகளை உலர்த்தி வைக்கின்றனர். முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் பெரன் அங்கியின் உள்ளே, பிரம்பு பின்னிய மண்சட்டியில் தணல் நிரப்பிய காங்கிரியை ஏந்துகின்றனர். காங்கிரி ஏந்துபவரைப் பொறுமையற்றவர் என்று அங்கே எவரும் சொல்வதில்லை.

கங்கைச் சமவெளியின் வீடுகளோ மே மாத அனற்காற்றை எண்ணிக் கட்டப்பட்டவை. செங்கற்சுவர், உயர்ந்த கூரை, கூரையை ஒட்டிக் காற்றுத் துளைகள், வெறுங்காலுக்கு இதமளிக்கும் கல் பாவிய தரை. கோடையில் வரமாக இருந்தவை யாவும் குளிரில் எதிராகத் திரும்பிவிடுகின்றன. மூடுபனி கதிரவனை மறைத்துவிட்டால் நாள் முழுவதும் வீடு சூடேறுவதே இல்லை. 2019 டிசம்பர் 30 அன்று தில்லி சப்தர்ஜங்கில் பகலின் உச்ச வெப்பநிலையே 9.4 டிகிரிதான். அத்தகைய நாள்களில் வீட்டுக்குள் இருப்பதைவிட வாசலில் நிற்பது மேல் என்று முதியோர் சொல்வது மிகையன்று.

அப்படிப்பட்ட காலை ஒன்றில், பாட்னாவின் ஏதோ ஒரு தெருவில், ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். பெயர்கள் வேண்டா. வீட்டின் பெரியவர் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர்; வயது எழுபதைக் கடந்துவிட்டது. மாக மாதம் முழுவதும் விடியற்காலை நான்கு மணிக்குத் தண்ணீரில் நீராடி, மெல்லிய வேட்டியுடன் ஜபத்தில் அமர்வது அவரது நெடுநாள் நியமம். வெந்நீரைத் தொடமாட்டார், கம்பளியை நாடமாட்டார். அதற்காகவே உற்றாரும் அண்டை வீட்டாரும் அவரை மதிக்கின்றனர். அம்மதிப்பில் பிழையேதும் இல்லை. ரஜாய்க்குள்ளிருந்து ஒரு கையை வெளியே நீட்டவே மனம் அஞ்சும் வேளையில், தலையில் ஒரு செம்பு நீரை ஊற்றிக்கொள்வது எளிதான காரியமன்று.

ஆயினும், நான்கு மணிக்கு அவர் நீராட வேண்டுமென்றால் மூன்றரை மணிக்கு அந்த வீட்டில் மற்றொருவர் எழுந்தாக வேண்டும். மருமகள் எழுகிறாள். பூஜைப் பாத்திரங்களைத் துலக்குகிறாள், உலர்ந்த வேட்டியை எடுத்து வைக்கிறாள், விளக்கேற்றுகிறாள், ஜபம் முடியும் வேளைக்குப் பால் காய்ச்சுகிறாள். இவளது விழிப்புக்கு நியமம் என்று எவரும் பெயரிட்டதில்லை. ஆறரை மணிக்கு, மூடுபனியைக் கிழித்துக்கொண்டு பணிப்பெண் நடந்து வருகிறாள். உடலில் ஒரு மெல்லிய சால்வை. முந்திய இரவின் பாத்திரங்கள் குழாயடியில் குவிந்து கிடக்கின்றன. குழாயில் வருவது மொட்டைமாடித் தொட்டியில் இரவெல்லாம் குளிர்ந்த நீர். (கிராமத்து ஏழைக்கு இதில் ஒரு சிறு நற்பேறு உண்டு: அடிபம்பில் ஏறும் நிலத்தடி நீர் குளிர்காலக் காலையில் வெதுவெதுப்பாகவே இருக்கும். நகரத்து வசதி அதையும் பறித்துவிட்டது.) நான்கைந்து பாத்திரங்கள் கழுவுவதற்குள் விரல்கள் மடங்க மறுக்கின்றன. கையை முந்தானைக்குள் பொதிந்துகொண்டு, “இன்று தாங்க முடியவில்லை அம்மா” என்கிறாள் மருமகளிடம்.

ஆசனத்திலிருந்து பெரியவரின் குரல் வருகிறது: “குளிரும் வெப்பமும் வரும், போகும் மகளே. பொறுத்துக்கொள்ளப் பழக வேண்டும்.”

அவர் சொன்னதில் ஏளனம் இல்லை, கடுமையும் இல்லை. தாம் நாள்தோறும் கடைப்பிடிப்பதையே சொன்னார். சாத்திரத்துக்கு முரணாகவும் ஏதும் சொல்லிவிடவில்லை. இருந்தும், அதைக் கேட்டவள் மறுமொழி கூறாமல் மீண்டும் குழாயைத் திறந்தபோது, அங்கே ஏதோ ஒரு தவறு நேர்ந்துவிட்டது. அத்தவறு எங்கே இருக்கிறது?

வேதாந்த நூல்கள் சாதகனுக்கு வேண்டிய ஆறு செல்வங்களுள் ஒன்றாகத் திதிக்ஷையை வைத்திருக்கின்றன. குளிர் வெப்பம், இன்பம் துன்பம் போன்ற இரட்டைகளைத் தாங்கும் ஆற்றல் அது. விவேகசூடாமணி அதற்கு வகுக்கும் இலக்கணம் மிகவும் கண்டிப்பானது. துன்பங்களைப் பொறுக்க வேண்டும். பொறுக்கும்போது பரிகாரம் தேடி ஓடக்கூடாது. அத்துடன் அவற்றைக் குறித்துக் கவலையோ புலம்பலோ இருக்கக்கூடாது. பரிகாரம் தேடாமை என்ற பகுதியை மனிதர்கள் விரும்பி நினைவில் கொள்கின்றனர். ஏனெனில் அது பிறர் கண்ணுக்குத் தெரிவது. கம்பளி இல்லாத தோளை யாரும் பார்க்கலாம். புலம்பாமை கண்ணுக்குத் தெரிவதில்லை. தெருவே கேட்கும்படி நடுங்கும் குரலில் நாமம் சொல்லி நீராடுவதும், பகல் முழுவதும் வருவோர் போவோரிடம் “இன்று தண்ணீர் பனிக்கட்டியாக இருந்தது” என்று கூறுவதும் ஒருவகைப் புலம்பல்தான். பாராட்டை எதிர்பார்க்கும் புலம்பல். குளிரைப் பொறுத்தவருக்கு அதைச் சொல்லாமல் இருப்பதே குளிரைக் காட்டிலும் கடினமாக இருக்கிறது.

இவ்விலக்கணத்தில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இது சாதகன் தன்னைப் பரிசோதித்துக்கொள்ளத் தரப்பட்ட அளவுகோல். விடுதலை வேட்கை கொண்டு, குருவை நாடி, விரும்பி வந்த ஒருவனின் தகுதியைப் பற்றிய பேச்சில் இடம்பெறுவது. வேலைக்கு வந்தவளின் விரல்களை அளப்பதற்கு அது தரப்படவில்லை. மருத்துவர் ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றொருவருக்கு ஊட்டினால், மருந்து நல்லது என்பதற்காகக் குற்றம் குறைந்துவிடாது.

குளிர் அனைவருக்கும் ஒன்றே, ஆகவே பொறுமையும் அனைவருக்கும் ஒன்றே என்று வாதிடலாம். வெப்பமானிக்கு அது ஒன்றுதான். உடல்களுக்கு அவ்வாறில்லை. கைக்குழந்தையின் எடையுடன் ஒப்பிட அதன் தோற்பரப்பு மிகுதி. ஆகவே அதன் உடற்சூடு விரைந்து வெளியேறுகிறது. முதியோருக்குக் குளிரை உணரும் திறனே மங்கிவிடுவதுண்டு. ‘எனக்குக் குளிரவில்லை’ என்று அவர்கள் சொல்வது எப்போதும் மனவலிமை ஆகாது, சில வேளைகளில் அது அபாயத்தின் அறிகுறி. குளிரில் இரத்தநாளங்கள் சுருங்கி இரத்த அழுத்தம் உயர்வதால் இதய நோயாளிகள் இக்காலைகளில் கவனமாக இருக்கவேண்டும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். இரத்தசோகை உள்ளவருக்கோ மற்றவரைவிடக் குளிர் மிகுதியாக உறைக்கும். 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். வீட்டில் முதலில் எழுபவளும், தண்ணீரில் கைவைப்பவளும் பெரும்பாலும் இவர்களுள் ஒருத்தியாகவே இருப்பாள். தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கடத்திச் செல்வது. பெரியவர் நான்கு செம்பு நீரைச் சில நொடிகளில் ஊற்றிக்கொண்டு, உலர்ந்த வேட்டியில் புகுந்துவிடுகிறார். அவள் கை முக்கால் மணி நேரம் அந்நீரிலேயே இருக்கிறது. இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது எவ்விதம் பொருந்தும்?

இக்கேள்வியைக் கங்கையின் மறுகரையில் ஒருவர் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் முன்பே தம் உடலைக்கொண்டு ஆராய்ந்தார். பாட்னாவுக்கு வடக்கே உள்ள வைசாலியில் நிகழ்ந்ததாகப் பௌத்த விநய நூலான மகாவக்கம் அதனைக் கூறுகிறது. ராஜகிருகத்திலிருந்து வைசாலிக்குச் செல்லும் வழியில், பிக்குகள் பலர் தலையிலும் தோளிலும் இடுப்பிலும் ஆடை மூட்டைகளைச் சுமந்து வருவதைப் புத்தர் காண்கிறார். துறவு பூண்டவர் இத்தனை விரைவில் ஆடைப் பெருக்கத்தில் விழுந்துவிட்டனரே என்று எண்ணி, ஆடைக்கு ஓர் எல்லை வகுக்க விரும்புகிறார். எல்லையை உடனே வகுத்திருக்கலாம். ஒன்று போதும் என்று அவர் சொல்லியிருந்தால் மறுப்பார் யார்?

அவர் அவ்வாறு செய்யவில்லை. வைசாலியின் கோதமகச் சைத்தியத்தில், ஆண்டின் மிகக் கடுமையான எட்டு நாள் உறைபனிக் காலத்தில், இரவில் திறந்த வெளியில் ஒற்றை ஆடையுடன் அமர்ந்தார். முதல் யாமம் வரை குளிர் தோன்றவில்லை. அது கழிந்ததும் குளிர்ந்தது. இரண்டாம் ஆடையைப் போர்த்திக்கொண்டார். நடுயாமம் கழிந்ததும் மீண்டும் குளிர்ந்தது; மூன்றாவதைப் போர்த்தினார். இரவு முடிந்து கிழக்கு வெளுக்கும் வேளையில் இன்னொரு முறை குளிர்ந்தது, நான்காவது. அதன்பின் குளிரவில்லை. மறுநாள் பிக்குகளுக்கு மூன்று ஆடைகளை அனுமதித்தார். அவற்றுள் மேற்போர்வை இரட்டையாகத் தைக்கப்பட்டது. ஆகக் கூடிப் பார்த்தால் நான்கு அடுக்கு.

இந்நிகழ்ச்சியில் வியப்புக்குரியவை பல. அமர்ந்தவர் குளிருக்குப் புதியவரல்லர். ஞானம் பெறுமுன் கடுந்தவம் செய்த காலத்தில் இதே எட்டு நாள் பனியில் இரவெல்லாம் வெட்டவெளியில் கிடந்ததாக அவர் கூறும் செய்தி மஜ்ஜிம நிகாயத்தில் உண்டு. ஒற்றை ஆடையோடு விடியும்வரை அமர்ந்திருக்க அவரால் இயன்றிருக்கும். ஆனால் அந்த இரவில் அவர் தம் வலிமையைச் சோதிக்க வரவில்லை. பிறருக்கு விதிக்கப்போகும் அளவைச் சோதிக்க வந்திருந்தார். ஆதலால் குளிர்ந்தபோது குளிர்கிறது என்று ஒப்புக்கொண்டு அடுத்த ஆடையை எடுத்தார். அதனினும் மேலாக, அந்த அளவை வகுக்கும்போது அவர் மனத்தில் இருந்தவர் உடலுரம் மிக்க பிக்கு அல்லர். குளிர் தாங்காத இயல்புடையவர், குளிருக்கு அஞ்சுபவர், அவரும் இவ்வளவில் காலம் கழிக்க முடியுமா என்பதே அவர் கேட்டுக்கொண்ட கேள்வி என்று நூல் கூறுகிறது. உடற்சூட்டுக்காகப் பிக்குகள் தீ மூட்டுவதைத் தடுக்கும் விதி ஒன்று பின்னர் வந்தபோதும் நோயுற்றவருக்கு அதில் விலக்கு இருந்தது.

குருக்ஷேத்திரத்தில் பொறுமையை உபதேசித்தவரின் இருக்கையையும் இங்கு எண்ணிப் பார்ப்பது பொருந்தும். குளிரையும் வெப்பத்தையும் பொறுத்துக்கொள் என்ற பொருள்பட வரும் இடம் கீதையின் இரண்டாம் அத்தியாயத்துப் பதினான்காம் சுலோகம். வீட்டுப் பெரியவர் மேற்கோள் காட்டியதும் அதைத்தான். அதைச் சொன்னவர் எங்கே அமர்ந்திருந்தார்? பாசறையில் திரைக்குப் பின்னால் அமர்ந்து, போர்க்களத்துக்கு ஓலை அனுப்பவில்லை. கேட்பவனின் தேரிலேயே, அவனுக்கும் முன்னால், கடிவாளத்தைக் கையில் பற்றி, கவசமும் வில்லும் உடையவனுக்குச் சாரதியாக அமர்ந்திருந்தார். அர்ஜுனனுக்கு வரும் அம்பு சாரதிக்கும் வரும். ‘பொறு’ என்ற சொல்லுக்கு அங்கே ஓர் உரிமை இருந்தது. கேட்டவனும் தன் விருப்பத்தால் அறிவுரை வேண்டி நின்றவன். பாத்திரம் துலக்க வந்தவள் பெரியவரிடம் உபதேசம் வேண்டவில்லை. அவள் வேண்டியது ஒரு வாளி வெந்நீர். அதையும் வாய்திறந்து கேட்கவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழும். துன்பம் யாருக்கு வந்தாலும் அதைத் தவமாக மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? மருமகளும் பணிப்பெண்ணும் முணுமுணுக்காமல் அக்குளிரை ஏற்றால் அவர்களுக்கும் அது ஆன்மிகப் பலன் தராதா? தரும், அதை மறுப்பதற்கில்லை. தேர்ந்தெடுக்காத துன்பத்தையும் தனதாக்கிக்கொண்ட பெண்கள் இந்நாட்டின் வீடுகள்தோறும் இருந்திருக்கின்றனர். அவர்களது உள்வலிமையைப் பரிதாபத்துக்குரியதாக மட்டும் பார்ப்பது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆனால் அதைச் சொல்லும் உரிமை அவர்களுடையது. “இதைப் பொறுத்ததால் என் மனம் உறுதிப்பட்டது” என்று அவள் சொன்னால் அது ஞானம். “இதைப் பொறுப்பதால் உன் மனம் உறுதிப்படும்” என்று, அவளது உழைப்பால் உலர்ந்த வேட்டியும் காய்ச்சிய பாலும் பெறுபவர் சொன்னால், அதே வாக்கியம் வேறொன்றாகிவிடுகிறது. பிறருக்குத் தவம் செய்ய வாய்ப்பளிப்பதாக எண்ணிக்கொண்டே அவர்களை நடுங்கவிடலாம். இல்லறத்தில் மிக எளிதாக நுழையும் தன்னேமாற்று இது.

அவ்வாறெனில் பெரியவர் தம் நியமத்தைக் கைவிட வேண்டுமா? மருத்துவர் தடுக்காதவரை, வேண்டியதில்லை. பௌஷ பௌர்ணமியிலிருந்து மாக பௌர்ணமி வரை பிரயாகையின் மணற்பரப்பில் கூடாரத்தில் தங்கும் கல்பவாசிகளும் இதே குளிரில்தான் நீராடுகின்றனர். மரபுப்படி கல்பவாசி வீட்டை விட்டு வருகிறார், ஒருவேளை உணவு, அதையும் தம் அடுப்பில் தாமே சமைத்துக்கொள்ள வேண்டும் என்பது நியமம். அக்குளிர் முழுவதும் அவருடையது. வீட்டில் இருந்தபடி அந்நியமத்தை நோற்பவருக்கு ஒரு கூடுதல் கடமை சேர்கிறது: தம் தவத்தின் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்று பார்த்துக்கொள்வது.

பரிகாரம் தேடாமை என்பதைப் பிறர் விஷயத்தில் தலைகீழாகவே கொள்ள வேண்டியிருக்கிறது. தனக்கு வந்த குளிருக்குப் பரிகாரம் தேடாதிருக்கலாம். அடுத்தவருக்கு வந்த குளிருக்குப் பரிகாரம் தேடாதிருக்க எந்தச் சாத்திரமும் அனுமதி தரவில்லை. பரிகாரம் இல்லாதவர் வீடுகளில் என்ன நடக்கிறது என்பது அங்கே ஒவ்வொரு குளிர்காலமும் செய்தியாகிறது. பீகாரில் ‘போர்சி’ எனப்படும் மண்சட்டியில் உமியும் வறட்டியும் இட்டுக் கனலவைத்துச் சுற்றி அமர்வர். திறந்த வாசலில் அது நல்ல துணை. குளிர் தாங்காமல் அதையோ கரியடுப்பையோ அறைக்குள் வைத்துக் கதவையும் சன்னலையும் அடைத்து உறங்குபவர்களுள் சிலர் விழித்தெழுவதில்லை. மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு, உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. உறங்குபவருக்கு மூச்சுத் திணறலும் தெரியாது. பணிப்பெண் திரும்பிச் செல்லும் வீட்டிலும் ஒரு போர்சி இருக்கும். அங்கே குழந்தைகளும் இருப்பர். சன்னலைச் சற்றுத் திறந்து வைக்கும்படி அவளிடம் எவரேனும் சொல்லியிருக்கிறார்களா என்பது, அவளுக்குத் திதிக்ஷை தெரியுமா என்பதைவிட அவசரமான கேள்வி. அவளிடம் இரண்டாவது ரஜாய் ஒன்று இருந்தால் போர்சியே அறைக்குள் வந்திராது. பெரியவரின் வீட்டுப் பரணில், நெடுநாளாகப் பிரிக்கப்படாத பஞ்சு ரஜாய் ஒன்று மூட்டையாகக் கிடக்கக்கூடும்.

கற்பனை செய்த வீடுதானே. அதில் ஒரு நாளை மாற்றியும் கற்பனை செய்யலாம். நாளைக் காலை பெரியவர் மூன்றேகால் மணிக்கே எழுகிறார். மருமகளின் அறையில் இன்னும் இருள். அவளை எழுப்பக்கூடாது என்ற முடிவுடன் கல்தரையில் வெறுங்காலோடு நடந்து சமையலறைக்கு வருகிறார். பாதத்தில் ஏறும் குளிர், நீராட்டின் குளிரைவிட வேறுவிதமாக இருக்கிறது; அதற்கு மந்திரம் இல்லை. முதலில் குழாயடிப் பெண்ணுக்கு ஒரு பெரிய பாத்திரம் நீரை அடுப்பில் ஏற்றி வைத்துவிட்டு, அதன்பின் நீராடச் செல்லலாம் என்பது எண்ணம். பாத்திரம் கிடைத்துவிடுகிறது. நீரும் நிரப்பியாகிவிட்டது. தீப்பெட்டியைத் தேடுகிறார். இத்தனை ஆண்டுகளாக அவ்வீட்டில் தீப்பெட்டி எங்கே வைக்கப்படுகிறது என்பது அவருக்குத் தெரியாது. மாடத்தில் இல்லை. அலமாரியின் மேல்தட்டிலும் இல்லை. விளக்கைப் போடாமல், ஓசைப்படாமல், ஒவ்வொரு தட்டாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.